லாரி டூல்ஸ் பெட்டி: புதுப்பிப்பு

நாமக்கல்லில் இருந்து நாக்பூர் லோடுக்குக் கிளம்பும் முன் பெட்டியில் என்னென்ன போடலாம் என்று கேட்டிருந்தேன் அல்லவா, போய் வந்தாச்சு. வீல் ஸ்பேனரோடு நாலடி ஜிஐ பைப்பும் எடுத்துப் போகச் சொன்ன அண்ணனுக்கு ஒரு கும்பிடு; துருப்பிடித்த நட்டு, ஸ்பேனர் பிடியில் பைப்பைச் சொருகி ஏறி நின்றதும் டக்கென்று விட்டது.

ஆனால் வண்டியை உண்மையில் நிறுத்தியது பஞ்சர் இல்லை. ஆதிலாபாத் தாண்டி, பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் நைலான் ஏர் பைப் சேஸிஸில் உரசி ஓட்டை விழுந்து, காற்று இறங்க இறங்க, காற்றழுத்தம் இருந்தால்தான் விடும் ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டது. டேப் சுற்றினால் நிற்காது (சுற்றிப் பார்த்தேன், வெட்கம்தான்). அப்புறம் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஓட்டைப் பகுதியை பிளேடால் நேராக வெட்டி, கிளீனர் தம்பியின் டப்பாவில் கிடந்த, இரண்டு முனையையும் இணைக்கும் பித்தளை ஜாயிண்ட்டை முறுக்கி, காற்று ஏறியதும் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், குமிழி இல்லை. அந்த ஜாயிண்ட்டை இங்கே யாருமே சொல்லவில்லையே!