‘சூசை தாத்தா வீடு’ குழு: இரைக்கு மட்டும் 1,200 ரூபாயா?

புதன்கிழமை

செல்வராஜ் (இரவு 8:04): எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை, மறுவீட்டுக்கு வரும் ஷீலா மாப்பிள்ளையைப் புன்னைக்காயல் முகத்துவாரத்துக்குத் தூண்டில் போடக் கூட்டிப் போகிறோம் அல்லவா, அதற்கான கணக்கு. வள்ளமும் டீசலும் 2,000. உயிர் இறால் 60, ஒன்று 10 ரூபாய் என்று 600. உயிர் மடவை மீன் குஞ்சு 20, வீச்சு வலை போடும் தம்பிக்கு 400. இரை சாகாமல் தண்ணீரில் காற்று விடும் மோட்டாருக்கு பேட்டரி, ஐஸ் 200. மொத்தம் 3,200. மிக்கேல் அண்ணன், லூர்து அத்தான், பிரின்ஸ், நான். தலைக்கு 800. மாப்பிள்ளையிடம் வாங்கக் கூடாது.

பிரின்ஸ் (8:06): சித்தப்பா, ஜிபே பண்ணிவிட்டேன்

மிக்கேல் (8:11): இரைக்கு மட்டும் 1,200 ரூபாயா?

மிக்கேல் (8:11): அப்பா என்றைக்காவது இரையைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாரா

ரோஸ்லின் (8:13): செல்வம், மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒன்பது பேர் வருகிறார்கள். மதியம் சாப்பாட்டுக்கு மீன் வேண்டும். நீங்கள் பிடித்து வருவதை நம்பி நான் உலை வைக்க முடியாது.

மிக்கேல் (8:14): அதைத்தான் சொல்கிறேன். 1,200க்கு மார்க்கெட்டில் ரெண்டு கிலோ கொடுவாவே வாங்கலாம்

ஸ்டெல்லா (8:15): மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கே கொடுவா

ரோஸ்லின் (8:15): ஜூன் 14 வரை இந்த விலைதான். விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கிறது.

செல்வராஜ் (8:29): அண்ணே, சாப்பாட்டு மீனையும் தூண்டிலையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். சாப்பாட்டுக்கு மீன் வாங்குவது தனி. இது மாப்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது. கோயம்புத்தூர்க் குளத்தில் மைதா உருண்டைக்கு ஜிலேபி மீன் பிடித்துப் பழகியவர். கடல் மீன் தூண்டிலில் எப்படி இழுக்கும் என்று ஒரு தடவை அவர் கையில் தெரிய வேண்டும். கொடுவா செத்த இரையைத் தேடித் திரிகிற மீன் இல்லை. அலையாத்தி மர வேர் இடுக்கில் பதுங்கி நிற்கும். இரை வாலை அடித்தால் அந்த அதிர்வு அதன் உடம்பின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக்கோட்டில் தெரியும். கலங்கல் தண்ணீரிலும் இரை இருக்கும் இடம் அதற்குத் தெரிந்துவிடும். வாயைப் படாரென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். செத்த இறாலைப் போட்டால் அதற்கு முன்னால் நண்டும் கெளுத்தியும் பேத்தையும் வந்து கொத்தித் தின்றுவிடும். காலை முழுவதும் முள்ளை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். செத்த இறால் கிலோ 300 என்றாலும் அது நமக்கு நஷ்டம். கிழங்கான் பிடிக்கப் போனால் செத்த இறால் துண்டே போதும், உயிர் இறாலுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு பண்ணச் சொல்ல மாட்டேன். கலவாய்க்குக்கூடக் கணவாய்த் துண்டு போதும், வாசனைக்கு வந்துவிடும். கொடுவாவுக்கு மட்டும்தான் இந்தச் செலவு.

மிக்கேல் (8:31): படித்துவிட்டுச் சொல்கிறேன்

ஷீலா (8:33): மாமா, அவர் ஆன்லைனில் பிளாஸ்டிக் மீன் நாலு வாங்கி வைத்திருக்கிறார். 2,600 ரூபாய்.

மிக்கேல் (8:33): 😳

செல்வராஜ் (8:37): பரவாயில்லை ஷீலா, கொண்டுவரட்டும். அந்த மாதிரி பிளாஸ்டிக் மீனிலும் கொடுவா அடிக்கும். ஆனால் அதைப் போட்டு இழுக்கிற கைப்பழக்கம் வர நாளாகும். அந்த இடத்தில் வேரும் சிப்பியும் அதிகம். ஒன்று சிக்கி அறுந்தால் 650 போச்சு. ஒரு இறால் போனால் பத்து ரூபாய்.

ரோஸ்லின் (8:38): வேரா? வள்ளம் கவிழாதா? அவருக்கு நீச்சல் தெரியாது செல்வம்.

ரோஸ்லின் (8:38): திடீரென்று அலை பொங்கும் கள்ளக்கடல் என்று டிவியில் போட்டார்களே

பிரின்ஸ் (8:40): அத்தை, நாங்கள் கடலுக்குப் போகவில்லை. முகத்துவாரத்துக்கு உள்பக்கம்தான். லைஃப் ஜாக்கெட் இருக்கிறது

செல்வராஜ் (8:42): அக்கா, ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்று கடல் நிலையைச் சொல்லும் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு அவர்கள் அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். எச்சரிக்கை இருந்தால் போக மாட்டோம்.

ரோஸ்லின் (8:43): சரி. மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

லூர்து (9:02): வெள்ளிக்கிழமை என் குளத்தில் அறுவடை. உயிரோடு நூறு இறால் எடுத்துத் தருகிறேன். காசு வேண்டாம்.

மிக்கேல் (9:03): அப்புறம் என்ன. மச்சான் முடித்துவிட்டார். 600 மிச்சம்

பிரின்ஸ் (9:03): 👍

ஸ்டெல்லா (9:04): 👍

செல்வராஜ் (9:21): அத்தான், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் தருவது பெரிய மனசு. ஆனால் இரைக்குப் பண்ணையில் வளர்க்கும் வெனாமி இறால் வேண்டாம். அது நம் கடல் இறால் இல்லை, மெக்சிகோவிலிருந்து பெரு வரை பசிபிக் கரையில் இருக்கும் இனம். 2009இல்தான் இங்கே வளர்க்க அனுமதி வந்தது. அதை முள்ளில் மாட்டி ஆற்றில் விடும்போது பாதி நழுவி ஓடிவிடும். இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி வைரஸ் ஒன்றில் இருந்தாலும் உப்பங்கழியில் இருக்கிற இறாலுக்கும் நண்டுக்கும் தொற்றும். அந்தக் கழியில் வலை போட்டுப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே கழியில் பிடித்த வெள்ளை இறாலை அதே கழியில் போட்டால் இந்தப் பயம் கிடையாது. அதனால்தான் பத்து ரூபாய் கொடுத்து அங்கேயே வாங்குகிறேன்.

லூர்து (9:24): என் குளத்தில் நோய் இல்லை. லேப் ரிப்போர்ட் கையில் இருக்கிறது.

செல்வராஜ் (9:25): இருக்கும் அத்தான். நான் உங்கள் குளத்தைச் சொல்லவில்லை.

மிக்கேல் (9:27): வேறு எந்தக் குளத்தை?

ரோஸ்லின் (9:30): பழைய கதையை இங்கே எடுக்க வேண்டாம்.

மிக்கேல் (9:31): யார் எடுத்தது? 94இல் அப்பா வள்ளத்தை விற்றுப் பணம் கொடுத்தது மச்சானின் இறால் குளத்துக்கு. அடுத்த வருஷம் வெள்ளைப்புள்ளி வந்தது. யார் மேலும் குற்றம் இல்லை. ஆந்திரா, தமிழ்நாடு எல்லா இடத்திலும்தான் போனது

ரோஸ்லின் (9:31): அண்ணன்

மிக்கேல் (9:32): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரோஸ்லின் (9:33): எல்லோரும் படித்த பிறகு நீக்கி என்ன.

ஜெனிட்டா (9:40): இங்கே பிரிஸ்பேனில் இப்போதுதான் எழுந்து பார்க்கிறேன், இத்தனை மெசேஜா என்று பயந்துவிட்டேன். லூர்து மாமா, செல்வம் சித்தப்பா சொல்வது நிஜம். எங்கள் ஊருக்குத் தெற்கே லோகன் ஆற்றுப் பக்கம் 2016 கடைசியில் இந்த வெள்ளைப்புள்ளி வந்தது. அதற்கு முன்னால் ஆஸ்திரேலியாப் பண்ணைகளில் அது வந்ததே இல்லை. சாப்பிட வாங்கிய வெளிநாட்டு இறாலை யாரோ தூண்டிலில் இரையாகப் போட்டு வந்திருக்கலாம் என்று பெரிய பேச்சு. அந்தப் பண்ணைகளில் இருந்த இறால் அத்தனையையும் அழித்தார்கள். அதற்கப்புறம் இந்தப் பகுதியில் பிடித்த பச்சை இறாலையும் கடற்புழுவையும் எல்லை தாண்டி எடுத்துப் போகக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். கடைகளில் சாப்பிட வாங்கும் இறாலை இரையாகப் போடாதீர்கள் என்று சொல்வார்கள்.

பிரின்ஸ் (9:41): அக்கா, அங்கே விடியற்காலை ரெண்டே கால்! ஏன் முழிப்பு?

ஜெனிட்டா (9:42): பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது, தூங்கவே இல்லை

ஸ்டெல்லா (9:42): வசம்பு உரசிப் போடு

ரோஸ்லின் (9:43): வசம்பெல்லாம் இப்போது டாக்டர் வேண்டாம் என்கிறார்கள் ஸ்டெல்லா. துணியை நனைத்து ஃப்ரிட்ஜில் வைத்துக் கடிக்கக் கொடு ஜெனி.

ரோஸ்லின் (9:50): உன் அத்தான் போனை வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். செல்வம், காலையில் நீயே கூப்பிட்டுப் பேசு.

வியாழக்கிழமை

மிக்கேல் (காலை 6:20): செல்வம், நேற்று எழுதியதைப் படித்தேன். நான் தோணியில் மாலத்தீவுக்குப் போய் வந்த காலத்தில் பார்த்திருக்கிறேன். அவர்கள் சூரை பிடிக்கப் போவதற்கு முன்னால் இரை பிடிக்கப் போவார்கள். பவளப்பாறை ஓரம் வலையை விரித்துப் பொடி மீனை உயிரோடு அள்ளி, படகின் வயிற்றில் தண்ணீர் புகுந்து போகிற மாதிரி ஓட்டை போட்ட அறையில் வைத்துக்கொள்வார்கள். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அதைக் கைநிறைய அள்ளி வீசுவார்கள். தண்ணீரையும் மழை மாதிரி தெளிப்பார்கள். சூரை வெறி பிடித்து மேலே வந்துவிடும். அப்புறம் கம்பில் கட்டிய வெறும் முள்ளிலேயே ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். இரை கிடைக்காத நாளில் படகு கிளம்பவே கிளம்பாது.

செல்வராஜ் (6:31): அண்ணே, அதைத்தான் நான் சொல்ல வந்தது. லட்சத்தீவின் மினிக்காயிலும் இதே முறைதான். அங்கே இரைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, ஆனால் அதற்கு ஆள், வலை, நேரம் எல்லாம் போகிறது. அப்பாவும் காசு கொடுத்து வாங்கவில்லை, உண்மை. மூன்று மணிக்கு எழுந்து இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சு வலை போட்டார். நாம் போட்டால் இரை சேரும்போது வெயில் ஏறி, நீர் ஏற்றமும் முடிந்திருக்கும். அந்தத் தம்பிக்கு 400 கொடுப்பது மடவைக் குஞ்சின் விலை இல்லை, அவன் தூக்கத்தின் விலை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை.

ஸ்டெல்லா (6:34): மினிக்காய் என்றதும் ஞாபகம் வருகிறது. மாசிக் கருவாடு தீர்ந்துவிட்டது. யாராவது டவுனுக்குப் போனால் கால் கிலோ

ரோஸ்லின் (6:36): எனக்கும். கல் மாதிரி இருப்பதாகப் பார்த்து வாங்கு, போன தடவை பூஞ்சை பிடித்தது.

ஷீலா (6:40): அம்மா, அவங்க வீட்டில் மாசி சாப்பிட மாட்டார்கள், சம்பல் வைக்காதே

ரோஸ்லின் (6:41): ஒரு கிண்ணம் வைத்தால் யார் அடிக்கப் போகிறார்கள்

பிரின்ஸ் (6:55): சித்தப்பா, இரை 60 எதற்கு? ஐந்து பேருக்கு 30 போதாதா

செல்வராஜ் (7:10): மே மாத வெயில் பிரின்ஸ். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும். கவனிக்காவிட்டால் எட்டு மணிக்குள் பாதி செத்துவிடும். நீ செய்ய வேண்டியது: பெரிய தெர்மோகோல் பெட்டி, அந்தக் கழித் தண்ணீரே ஊற்றி, மோட்டாரை விடாமல் ஓட விடு. ஐஸ் கட்டியை நேராகப் போடாதே, உருகினால் உப்பு இறங்கி இறால் மயங்கிவிடும். பாட்டிலில் அடைத்து மூடி மிதக்க விடு. செத்ததை உடனே வெளியே எடு, இல்லையென்றால் தண்ணீர் கெட்டுப்போகும். மடவையை இறாலோடு சேர்க்காதே, தனி வாளி. கையில் எண்ணெய், கொசு மருந்து எதுவும் இருக்கக் கூடாது. முள் மாட்டும்போது இறாலின் கொம்புக்குக் கீழே, உள்ளே கருப்பாகத் தெரிகிற இடத்தைத் தொடாமல் குத்து. அதைக் குத்தினால் அந்த நிமிஷமே செத்துவிடும், பத்து ரூபாய் வீண். மடவைக்கு மேல் உதட்டில் மாட்டு. வட்ட முள்தான் கொண்டுவா, அது மீன் வாய் ஓரத்தில் மாட்டும், தொண்டைக்குள் போகாது.

பிரின்ஸ் (7:12): காற்று மோட்டார் எங்கே இருக்கிறது?

செல்வராஜ் (7:12): உங்கள் வீட்டில். போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிப் போனீர்கள்.

மிக்கேல் (7:15): அது மீன் தொட்டியில் ஓடுகிறது. கழற்றினால் தங்கமீன் செத்துவிடும்

ஸ்டெல்லா (7:15): அது எங்கள் மோட்டார் அல்லவா

மிக்கேல் (7:16): யார் இல்லை என்றார்கள்

பிரின்ஸ் (7:18): நான் இன்னொன்று வாங்கிவிடுகிறேன், பேட்டரியில் ஓடுவது 350 ரூபாய்

மிக்கேல் (7:19): இரைச் செலவு 1,550

செல்வராஜ் (7:30): இன்னொன்று. கொடுவா குஞ்சாக இருக்கும்போது ஆண், வளர்ந்து பெரிதானதும்தான் பெண்ணாக மாறும். பத்து கிலோவுக்கு மேல் மாட்டினால் அது முட்டை போடுகிற தாய் மீன். போட்டோ எடுத்துவிட்டுத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள்.

ரோஸ்லின் (7:32): மறுவீட்டுக்கு வந்த பிள்ளை பிடித்த மீனை ஆற்றில் விடுவாயா?

மிக்கேல் (7:33): முதலில் மாட்டட்டும்

ஷீலா (7:40): அவர் சரி என்கிறார் மாமா. போட்டோ போதுமாம்.

ரோஸ்லின் (7:41): எனக்குப் போதாது.

லூர்து (பகல் 12:47): சாப்பாட்டுக்கு மூன்று கிலோ இறால் அனுப்புகிறேன். சமைக்கிற இறாலில் ஒன்றும் பிரச்சினை இல்லையே.

செல்வராஜ் (12:49): இல்லவே இல்லை அத்தான். ரொம்ப நன்றி. தோலையும் தலையையும் மட்டும் ஆற்றில் கொட்டாமல் குழியில் புதைத்தால் போதும். சனிக்கிழமை உங்களுக்கு இடம் வைத்திருக்கிறேன், வள்ளத்தின் முன்பக்கம் நீங்கள் உட்காருங்கள்.

லூர்து (1:05): அறுவடை முடிவதைப் பொறுத்து நாளைக்குச் சொல்கிறேன்.

மிக்கேல் (1:10): அவர் வராவிட்டால் தலைக்கு எவ்வளவு

பிரின்ஸ் (1:11): 1,067. மோட்டார் என் கணக்கு.

மிக்கேல் (1:14): மடவையை விட்டுவிடு. இறால் மட்டும் எடு

செல்வராஜ் (1:22): அண்ணே, பெரிய கொடுவாவுக்கு மடவைதான். இறாலைச் சின்ன மீனே பறித்துக்கொண்டு போய்விடும். குறைக்கத்தான் வேண்டும் என்றால் இறாலை 40 ஆக்குகிறேன், மடவையில் கை வைக்க மாட்டேன். அந்தத் தம்பி இன்று ஆறு மணிக்குள் பதில் கேட்டிருக்கிறான். வேறு ஆளும் அவனிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மிக்கேல் (1:23): சாயங்காலம் சொல்கிறேன்

ஸ்டெல்லா (1:40): மாசி யார் வாங்குகிறீர்கள்?

ரோஸ்லின் (1:41): மூன்று கிலோ இறால் ஒன்பது பேருக்குப் பத்தாது. மீன் விலை கேட்டவர்கள் சொல்லுங்கள்.

செல்வராஜ் (5:38): அண்ணே?