கனடாவில் வினைல் வேலி: போட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நான் சிங்கப்பூர் ஈசூனில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன்; வேலி போட்ட அனுபவம் கிடையாது. கால்கரியில் அக்கா வீட்டு மரவேலி உளுத்துச் சாய்ந்துவிட்டது. அத்தானுக்கு முதுகுவலி. வரும் ஜூனில் நானே போய்ப் போட்டுக் கொடுக்கப் போகிறேன்.

பிவிசி பிளாஸ்டிக்கான வினைலா, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த காம்போசிட்டா? இரண்டுக்கும் பெயின்ட் வேலை இல்லை. வினைல் எடை குறைவு, ஆனால் மைனஸ் 30 டிகிரியில் விறைத்துப்போய் அடிபட்டால் விரிசல் விடும். அக்கா பிள்ளைகள் இருவரும் ஓயாமல் ஹாக்கி ஆடுகிறவர்கள்! கோடைக்கும் பனிக்கும் இடையே 2.4 மீட்டர் வினைல் சட்டம் ஏறக்குறைய 8, 9 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். ஜூனில் பூட்டும்போது கம்பத்துக்குள் எவ்வளவு இடைவெளி விடுவது?

அதைவிடக் கவலை கம்பங்கள்தான். மண்ணின் ஈரம் உறைந்து உப்பும்போது, ஆழமில்லாத கம்பத்தை மேலே தூக்கிவிடும். அதனால் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே குழி போகவேண்டும். அங்கே களிமண் வேறு. அடியில் ஜல்லி போட்டுக் கான்கிரீட் ஊற்றினால் போதுமா, அடிப்பக்கம் அகலமாக்க வேண்டுமா?

குளிர்நாட்டில் வேலி போட்டவர்கள், அங்கே உறவினர் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். இரண்டு மூன்று பனிக்காலம் தாண்டிய வேலியின் படம் இருந்தால் பேருதவியாக இருக்கும்.