மறு: ஹோம் போர்ட் – தாய்த் துறைமுகமா, நிலைத்துறையா?

அனைவருக்கும் வணக்கம்.

சென்னைத் துறைமுகத்தில் க்ரூஸ் ஏறுவோருக்கான கையேட்டின் தமிழாக்கத்துக்கு மூன்று சொற்கள் வேண்டும்: க்ரூஸ் (கப்பலில் சுற்றிவரும் பயணம்), ஹோம் போர்ட் (அது புறப்பட்டுத் திரும்பும் துறைமுகம்), போர்ட் ஆஃப் கால் (வழியில் நின்றுபோகும் துறைமுகம்). வரைவில் முறையே சொகுசுப் பயணம், தாய்த் துறைமுகம், இடைத் துறைமுகம் என்று இருக்கிறது. அப்படியே விடலாமா?

-----

> தாய்த் துறைமுகம்

வேண்டாம். சரக்குப் பெட்டகத் தொழிலில் ‘தாய்க்கப்பல்’ என்றாலே வேறு பொருள். கொழும்பில் நிற்கும் பெரிய கப்பல் அது. இங்கிருந்து ஃபீடர் என்னும் சிறு கப்பல் பெட்டகங்களை அதற்குக் கொண்டுபோகும். இரண்டாவது குழப்பம், கப்பலின் பின்புறத்தில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர். நாசோ என்றோ வலெட்டா என்றோ இருக்கும். கப்பல் பதிவான ஊர் அது. ஆயுளில் ஒருமுறைகூட அங்கே போகாத கப்பல்கள் உண்டு. ஆங்கிலத்தில் இதையும் ஹோம் போர்ட் என்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழப்பத்தை நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்? (இதற்குப் ‘பதிவுத்துறை’ என்று சொல் ஆக்கினால் பத்திரப் பதிவு அலுவலகம்தான் நினைவுக்கு வரும்.)

‘சொகுசு’ டிக்கெட் விலையைச் சொல்கிறது, பயணத்தின் வகையைச் சொல்லவில்லை. அந்தமான் கப்பலிலும் முதல் வகுப்பு அறை உண்டு. அது க்ரூஸ் ஆகிவிடாது. அந்தமான் கப்பல் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஆளைக் கொண்டுபோகிறது. க்ரூஸ் சுற்றிவிட்டுப் பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே இறக்கிவிடுகிறது. தமிழில் அதற்கு உலா என்று பெயர். கடலுலா, உலாக்கப்பல்.

உலா என்று வந்துவிட்டால் அடுத்த சொல் தானே கிடைக்கிறது. தேர் நிலையிலிருந்து புறப்பட்டு நான்கு மாட வீதியும் சுற்றி நிலைக்கு வருகிறது. ‘தேர் நிலைக்கு வந்தாச்சா?’ என்று மயிலாப்பூரில் கேட்டால் யாரும் அகராதியைப் புரட்ட மாட்டார்கள். ஆகவே ஹோம் போர்ட் = நிலைத்துறை. வழியில் நின்றுபோவது தொடுதுறை. (மண்டகப்படித்துறை என்றும் சொல்லலாம். பொருத்தம் கச்சிதம், கையேடு தாங்காது.)

2023 ஜூன் 5 அன்று எம்ப்ரஸ் என்ற உலாக்கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டதே, அந்தத் தடத்தில் வைத்துப் பாருங்கள்: சென்னை நிலைத்துறை, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை மூன்றும் தொடுதுறை. ‘துறை’ என்பது அரசு இலாகாவாக மட்டும் சுருங்கிவிடவில்லை என்பதற்கு அந்த மூன்றாவது ஊரின் பெயரே சாட்சி.

-----

துறைமுகப் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்.

நிலைத்துறை, தொடுதுறை இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்பது அழகுக்காக அல்ல, வேலையே வேறு என்பதால். எம்ப்ரஸ் 48,563 ஜிடி (கிராஸ் டன்னேஜ்), நீளம் ஏறத்தாழ 211 மீட்டர், 1990இல் கட்டியது. (‘48,000 டன் எடை’ என்று எழுதாதீர்கள். ஜிடி எடை அல்ல. கப்பலின் அடைபட்ட உள்ளிடக் கன அளவிலிருந்து கணக்கிடும் எண்.) அதில் 1,500 பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். தொடுதுறையில் அத்தனை பேரும் கைப்பையோடு இறங்கி மாலையில் ஏறுவார்கள். பெட்டி அறையைவிட்டு அசையாது. நிலைத்துறையில் 1,500 பேர் இறங்கி வேறு 1,500 பேர் ஏறுவார்கள். ஆளுக்கு இரண்டு பெட்டி என்றால் ஒரே பகலில் 6,000 பெட்டி.

முந்தின இரவே பெட்டியில் நிற அட்டை கட்டி அறைவாசலில் வைக்கச் சொல்வார்கள். விடிவதற்குள் அவை கீழ்த்தளத்துக்கு வந்துவிடும். கப்பலைத் துறையில் கட்டியதும் முனையக் கூடத்தில் நிறவாரியாக வரிசை. காலை விமானம் பிடிப்பவர்களின் நிறம் முதலில். அட்டை கிழிந்த பெட்டி எந்த வரிசையிலும் சேராமல் கடைசியில் தனியாக நிற்கும். அதன் சொந்தக்காரர் கூடத்தைவிட்டு நகர மாட்டார். கப்பலைத் துறையில் கட்டுவது ஒரு மணி நேரம் தாமதமானால் இறங்கும் கூட்டம் வெளியேறுமுன் ஏறும் கூட்டம் வந்துவிடும். ராஜாஜி சாலையில் வண்டிகளை நிறுத்திவைக்க இடமில்லாததால் அதுதான் அன்றைய பெரிய தலைவலி.

இதற்கிடையில் கப்பலின் பக்கக் கதவு வழியாகக் குப்பை வெளியே வரவேண்டும். பிறகு அதே கதவில் காய்கறி, அரிசி, துணிமணி ஃபோர்க்லிஃப்டில் உள்ளே போகவேண்டும். இந்த வரிசை மாறினால் இரண்டும் நிற்கும். உள்நாட்டு உலா முடித்த கப்பல் அன்றே வெளிநாட்டு உலாவுக்குப் போவதானால், சுங்கத்தில் கோஸ்டல் ரன்னிலிருந்து ஃபாரின் ரன்னுக்கு மாற்றித் தரவேண்டும். மது, சிகரெட் இருப்பெல்லாம் அந்தக் கணக்கில் வரும். கடைசியில் மஸ்டர் பயிற்சி, அதாவது ஆபத்து நேரத்தில் பயணிகள் எங்கே கூடுவது என்ற ஒத்திகை. கோஸ்டா கன்கோர்டியா என்ற உலாக்கப்பல் 2012இல் கவிழ்ந்த பிறகு விதியை இறுக்கிவிட்டார்கள். முன்பு 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும். 2015 முதல் புறப்படுமுன்னோ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும். அதனால் கடைசி நிமிடத்தில் ஓடிவரும் பயணி எல்லோரையும் காக்கவைக்கிறார்.

2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாள்வது நின்றிருக்காவிட்டால் இந்த விவாதமே வந்திருக்காது என்று நினைக்கிறேன். வெள்ளைக் கப்பலை நிலக்கரித் தூளுக்குப் பக்கத்தில் யார் கட்டுவார்கள்?

‘நிலைத்துறை’ மேல் எனக்கு ஒரு தடை உண்டு. தேர் ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் நிற்கும். எம்ப்ரஸ் அப்படியில்லை. தென்மேற்குப் பருவத்தில் மும்பைப் பக்கம் அலை எழும்பும்போது இங்கே வருகிறது; வடகிழக்குப் பருவமும் புயலும் இந்தப் பக்கம் திரும்புமுன் போய்விடுகிறது. ‘நிலை’ என்றால் நிரந்தரம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்ள மாட்டாரா?

-----

> நிரந்தரம் என்று

தடை நியாயமானது. ஆனால் அதுவே சொல்லுக்கு வலுவும் சேர்க்கிறது. பருவத்துக்குப் பருவம் மாறினால் பருவ நிலைத்துறை. மும்பையிலிருந்து சென்னைக்குக் கப்பல் இடம்பெயர்ந்து வரும் ஓட்டத்துக்கு ரீபொசிஷனிங் என்கிறார்கள்; அது நிலைமாற்று ஓட்டம். தாய்த் துறைமுகத்திலிருந்து இப்படி ஒன்றைப் பிறப்பித்துப் பாருங்கள்: ‘தாய்மாற்று ஓட்டம்’!

எந்த ஊரிலும் நிற்காமல் கடலில் இரண்டு இரவு சுற்றித் திரும்புவதை நாளிதழ்கள் ‘ஆழ்கடல் சுற்றுலா’ என்கின்றன. ஆழம் இங்கே பேச்சே இல்லை. துறைதொடா உலா என்றால் தொடுதுறையோடு ஒட்டி நிற்கும்.

ஆனால் சென்னையில் ஏறுபவர், விசாகப்பட்டினத்தில் ஏறுபவர் என்று இரண்டு இடத்திலும் சீட்டு விற்றால்? அவரவருக்கு அவரவர் ஏறிய இடம் நிலை. கப்பலுக்கு இரண்டு நிலை. இதைக் கையேட்டில் ‘ஏறுதுறை’ என்று பயணியின் கண்ணில் சொல்வதே நல்லது. சீட்டில் அச்சாக வேண்டியதும் அதுதான்.

-----

ஒன்று விட்டுப்போயிற்று: டெண்டர். வரைவின் 14ஆம் பக்கத்தில் ‘பயணிகள் ஒப்பந்தப்புள்ளி மூலம் கரைக்கு அழைத்துச் செல்லப்படுவர்’ என்று இருக்கிறது. எந்திரத் தமிழாக்கத்தின் கைவரிசை போலும். புதுச்சேரிபோல ஆழக் கப்பல்துறை இல்லாத ஊரில் கப்பல் வெளியே நங்கூரமிடும். ஆட்களைப் படகில் கரைசேர்ப்பார்கள். அந்தப் படகுதான் டெண்டர்.

துறைமுகம் கட்டுமுன் சென்னையிலும் இதே முறைதான். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகு. அலை அடித்தால் உடையாமல் நெளிந்துகொடுக்கும். அதற்குச் சலங்கு என்றும் பெயர். நான்கே எழுத்து, வாயில் நிற்கும், இன்று வேறு எதற்கும் பயன்படவில்லை. டெண்டருக்குச் சலங்கு என்றே வைக்கலாம்.

-----

சலங்கு எனக்கும் பிடிக்கிறது. ஆனால் நடை தள்ளாடும் பெரியவர் படிக்கும் கையேடு இது. அலையாடும் படகில் கால் மாற்றி வைக்க முடியாதவர் கப்பலிலேயே தங்கிவிடவேண்டும் என்று முன்கூட்டியே அவருக்குத் தெரிய வேண்டும். அட்டவணையில் ‘புதுச்சேரி – தொடுதுறை, படகில் கரை’ என்று போட்டுவிடுங்கள். சலங்கைச் சொற்பட்டியலில் சேருங்கள். நாலு பேர் சொல்லத் தொடங்கினால் அடுத்த பதிப்பில் அட்டவணைக்கு ஏற்றலாம்.