கோபோல்டுத் தலைவனா, தலைமைக் கோபோல்டா?

> நெட்ஹேக் என்ற கணினி ஆட்டத்தின் தமிழாக்கத்தில், கோபோல்டு என்ற சிறு பூத இனத்தில் வரும் "கோபோல்டு லீடர்" என்பதைக் "கோபோல்டுக் கொடுங்கோலன்" என்று வைக்கலாமா? கூட்டத்தை ஆட்டிப்படைக்கும் தலைவன்தானே?

வணக்கம். கம்பீரமான சொல்தான். ஆனால் இந்த இடத்துக்கு வேண்டாம் என்பேன்.

முன்பு "கோபோல்டு லார்ட்" என்றிருந்ததை 3.7 பதிப்பு மூன்றாகப் பிரித்திருக்கிறது: ஆணுக்கு லார்ட், பெண்ணுக்கு லேடி, பொதுவாக லீடர். கொடுமை என்ற பொருள் இதில் எங்கும் இல்லை. அதே பதிப்பில் ஓகர் என்ற அரக்க இனத்தின் அரசன், அரசி இருவருக்கும் பொதுப்பெயர் "டைரண்ட்", அதாவது கொடுங்கோலர். கொடுங்கோலை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே வைக்கச் சொல் இருக்காது. மேலும், கோல் வளைவது அரசன் கையில்தான். குறளின் 56ஆம் அதிகாரமான கொடுங்கோன்மை அரசனைத்தான் சாடுகிறது. நம் கோபோல்டோ நிலை 2, வேகம் 6. ஆட்டக்காரரின் வேகத்தில் பாதி.

ஹார்த்ஸ்டோன் என்ற கணினிச் சீட்டாட்டத்தின் 2017 டிசம்பர் தொகுப்பில் வரும் டாக்வாகிள் வேறு வகை. அவன் கோபோல்டுகளின் அரசன். எதிராளியின் சீட்டுக்கட்டைத் தன் கட்டோடு மாற்றிக்கொண்டு, திரும்ப மாற்ற வேண்டுமானால் மீட்புப்பணம் கட்டு என்று ஒரு சீட்டை நீட்டுகிறான். அவனுக்குக் "கொடுங்கோல் கோபோல்டு" மிகச் சரியாகப் பொருந்தும்.

பெரிய சிக்கல் வினைமுற்றில். "கோபோல்டு அடித்தது" என்று எல்லாச் செய்திகளையும் அஃறிணையில் எழுதிவிட்டோம். பெயர் "தலைவன்" என்று முடிந்தால் "அடித்தான்", "தலைவி" என்றால் "அடித்தாள்", "தலைவர்" என்றால் "அடித்தார்"! ஒரு விலங்குக்காகச் செய்திக்கு நான்கு வடிவம் எழுத முடியாது. எனவே பதவியை முன்னே வைத்து இனப்பெயரில் முடிப்போம்: கோபோல்டு, பெரிய கோபோல்டு, தலைமைக் கோபோல்டு. மூன்று பாலுக்கும் இதுவே போதும்.

வேற்றுமையும் எளிதாகிறது. "கோபோல்டு" இடைத்தொடர்க் குற்றியலுகரம் (இடையின மெய்யை அடுத்து வரும் குறுகிய உகரம்); "மார்பு" போல உகரம் கெட்டு கோபோல்டை, கோபோல்டின் என்றாகும். "வீட்டை" போல டகரம் இரட்டிக்காது. இப்போதுள்ள நிரல் இரட்டித்துக் "கோபோல்ட்டை" என்று காட்டுகிறது, திருத்த வேண்டும். "தலைமை" என்ற அடையைத் தனியாக வைத்து நிரலில் ஒட்டாதீர்கள், க் விழுந்துவிடும். முழுப்பெயரையும் ஒரே சரமாகச் சேமியுங்கள்.

இனப்பெயர் கடைசியில் நிற்பதால் ஆட்டக்காரருக்கும் பயன் உண்டு. எல்லாக் கோபோல்டுப் பிணங்களும் நஞ்சு. நஞ்செதிர்ப்பு இல்லாமல் தின்றால் ஐந்தில் நான்கு வாய்ப்பு, வலிமை 1 முதல் 4 வரை குறையும், உயிர்ப்புள்ளியும் போகும். "தலைமைக் கோபோல்டுப் பிணம்" என்று பார்த்ததுமே கை நின்றுவிடும்.

> "குட்டிச்சாத்தான்" என்றே சொல்லிவிடலாமே?

குட்டிச்சாத்தான் ஏவலுக்குக் கட்டுப்படும் ஆவி; தின்னப் பிணம் கிடைக்காது. "சுரங்கக் குள்ளன்" என்றால் ஆட்டத்தில் உள்ள ட்வார்ஃப் என்ற குள்ளர் இனத்தோடு மோதும். ஒலிபெயர்ப்பே நல்லது, ஆனால் "கோபால்ட்" என்று எழுதாதீர்கள், அது தனிமம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: தாதுவைக் கெடுப்பதாக ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர் பழிசொன்ன பூதத்தின் பெயரே உலோகத்துக்கு வந்தது. அதனாலேயே எழுத்தில் வேறுபாடு வேண்டும்.

"கோபோல்டு ஷாமன்" என்ற இன்னொரு வகைக்குப் "பூசாரி" வேண்டாம், ஆட்டத்தில் பூசாரிகள் தனியே இருக்கிறார்கள். இந்தக் கோபோல்டு மந்திரம் மட்டுமே போடுகிறது. "மந்திரக் கோபோல்டு" என்று முன்மொழிகிறேன்.