புது ஃபோனில் முகம் மெழுகு பூசியதுபோல் வருகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. 200 மெகாபிக்சல் கேமராவுக்காகவே ஒரு நிறுவனத்தின் உச்ச மாடல் ஃபோன் வாங்கினேன். ஏமாற்றம்தான். அம்மாவைப் படம் எடுத்தால் நெற்றிச் சுருக்கமும் காதோர நரையும் வழித்தெடுத்ததுபோல் மறைகின்றன. புடவைச் சரிகை மட்டும் கண்ணைக் குத்துகிறது.

அழகூட்டும் வசதியை அணைத்தாயிற்று. சாதாரண முறையில் 16 பிக்சலை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படமாகத் தருகிறது, சரி. முழு 200-க்கு மாற்றினாலும் முகம் அப்படியே. கேமரா பதிவுசெய்ததை மெருகேற்றாமல் சேமிக்கும் 'ரா' (RAW) முறையில் எடுத்தால் மட்டும் சுருக்கம் தெரிகிறது. அதனால் லென்ஸில் குறையில்லை, மென்பொருள் செய்யும் வேலை என்றே நினைக்கிறேன். ஆனால் ரா படங்கள் ஏகப்பட்ட இடம் பிடிக்கின்றன, மெமரி கார்டு போடவும் வழியில்லை.

இந்த மெருகைக் குறைக்க செட்டிங்ஸில் ஏதாவது உண்டா? வேறு கேமரா ஆப் பயன்படுத்துபவர்கள் பெயர் சொல்லுங்கள். அப்பாவின் அறுபதாம் கல்யாணம் வருகிறது; அதற்குள் சரிசெய்தாக வேண்டும்.