ஆறு வருஷம் உழைக்கணும்: மேக்புக் ப்ரோவா, எக்ஸ்1 கார்பனா?

நிலவன்:
போன மாசம் என் லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. ஸ்டோரேஜும் அதே போர்டில் சால்டர் செய்து (நிரந்தரமாகப் பற்றவைத்து) இருந்ததால் உள்ளே இருந்த படங்களை மீட்கவே முடியவில்லை. கடைசி பேக்கப் எடுத்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. என் பாட்டியைக் கடைசியாக எடுத்த படங்கள் அந்த இரண்டு மாசத்தில்தான் இருந்தன. இந்த முறை அவசரப்பட்டு வாங்க மாட்டேன்.

வேலை முழுக்க ரா ஃபைல்கள் (கேமரா சுருக்காமல் தரும் மூலப் படங்கள்), அவற்றைத் திருத்த லைட்ரூம். மேக்புக் ப்ரோ 14 (எம்4 சிப், 24 ஜிபி ரேம்), திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் (32 ஜிபி ரேம்), இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன. கொடுக்கிற காசுக்கு எது தாங்கும்? தினமும் புழங்குகிறவர்கள் சொல்லுங்கள்.

ஸ்க்ரூடிரைவர்:
பாட்டி படம் போச்சுன்னு படிச்சதும் மனசே சரியில்ல தம்பி. நான் லேப்டாப் சர்வீஸ் பண்றவன், அதனால திறந்து பார்த்ததைச் சொல்றேன்.

எக்ஸ்1 கார்பனோட அடிமூடியைச் சாதாரண ஸ்க்ரூடிரைவராலயே திறக்கலாம். ஸ்க்ரூ மூடியிலேயே தங்கிடும், தொலையாது. உள்ளே எஸ்எஸ்டி, அதாவது ஸ்டோரேஜ், தனியா ஒரு எம்.2 குச்சி (சொருகிக் கழற்றுற சின்ன கார்டு). போர்டு செத்தாலும் அதைக் கழற்றி வேற மெஷின்ல படிக்கலாம். பிட்லாக்கர் (டேட்டாவைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) போட்டிருந்தா ரெக்கவரி கீ கையில இருக்கணும், பல பேர் அங்கதான் மாட்டிக்கிறாங்க. பேட்டரியும் ஸ்க்ரூவுலதான் நிக்குது. ஆறு வருஷம்னா ஒரு தடவையாவது பேட்டரி மாத்தியே ஆகணும், அந்தச் செலவையும் இப்பவே கணக்குல சேர்த்துக்கங்க.

மேக்புக் ப்ரோவுல பேட்டரி பசையில ஒட்டியிருக்கும், ஸ்டோரேஜ் போர்டோட சேர்ந்தது. சிப்பைப் பெயர்த்து எடுத்தாலும் பிரயோஜனமில்ல. டேட்டா என்க்ரிப்ட் ஆகியிருக்கும், அதே பிராசஸர் இல்லாம திறக்காது.

ரேம் மட்டும் ரெண்டுலயும் சால்டர்தான், பின்னாடி ஏத்த முடியாது. சிலாட் வேணும்னா திங்க்பேட் டி14 ஜென் 5 பாருங்க, ரெண்டு சிலாட் இருக்கு. ஆனா கொஞ்சம் கனம்.

வெண்பலகை:
2021-ல் வந்த மேக்புக் ப்ரோ 14 வைத்திருக்கிறேன், நானும் படம் திருத்துகிறவள்தான். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு எடிட் செய்தாலும் வேகம் குறைவதில்லை. மினி எல்இடி திரையில் நிழலுக்குள் இருக்கும் விவரம் தெளிவாகத் தெரியும். கேமரா கார்டை நேராகச் சொருக எஸ்டி சிலாட் உண்டு. எக்ஸ்1 கார்பனில் அது இல்லை. எடை மட்டும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல், கார்பனோ ஒரு கிலோவை ஒட்டி.

ஒன்று சொல்கிறேன் நிலவன், எஸ்எஸ்டியைக் கழற்ற முடிகிறது என்பதை பேக்கப்பாக நினைக்காதீர்கள். அந்தக் குச்சியும் ஒருநாள் சாகும்.

நிலவன்:
இரண்டு பேருக்கும் நன்றி. நான் இத்தனை நாளும் எது சாகாது என்றே தேடிக்கொண்டிருந்தேன். மேக்புக் ப்ரோவே எடுக்கிறேன், அந்தத் திரைக்காகவும் கார்டு சிலாட்டுக்காகவும். உள் ஸ்டோரேஜை 512 ஜிபியிலேயே நிறுத்திவிட்டு, மிச்சப் பணத்தில் இரண்டு வெளி எஸ்எஸ்டி. கார்டிலிருந்து படம் இரண்டிலும் ஏறிய பிறகுதான் கார்டை அழிப்பேன். ஒன்று அக்கா வீட்டில் இருக்கும்.

அண்ணே, பேட்டரியை எண்பது சதவீதத்தில் நிறுத்தி வைத்தால் ஆயுள் கூடுமா?

ஸ்க்ரூடிரைவர்:
கூடும் தம்பி. எப்பவும் சார்ஜர்லயே வச்சு வேலை பார்க்கிறவங்களுக்கு அது ரொம்ப முக்கியம். சூடும் பேட்டரிக்கு ஆகாது, அதனால மெத்தை மேல வச்சு எடிட் பண்ணாதீங்க.