சிட்டி விடெக்கிற்கு 6-ஆம் நம்பர் ஸ்பார்க் பிளக்கா, 8-ஆம் நம்பரா?

கோவை_விடெக்:
நண்பர்களே, என்னிடம் இருப்பது 2002 ஹோண்டா சிட்டி 1.5 விடெக், அந்த 106 குதிரைத்திறன் வண்டிதான். 4-2-1 ஹெடரும் (எக்ஸாஸ்ட் குழாய்) பெரிய ஏர் ஃபில்டரும் போட்டாச்சு. போன மாதம் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியபோது அதன் அடிப்பரப்பை லேசாகச் சீவி ஸ்கிம் செய்ததால் கம்ப்ரஷனும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. டர்போ கிடையாது. வார நாட்களில் அவிநாசி சாலை நெரிசலில் ஆபீஸ், எப்போதாவது இருங்காட்டுக்கோட்டையில் ட்ராக் டே. இப்போது உள்ளே இருப்பது என்ஜிகே கம்பெனியின் பிகேஆர்6இ-11, அதாவது 6-ஆம் நம்பர் பிளக். ஸ்பேர்ஸ் கடைக்காரர் "ரேஸ் ஓட்டுற வண்டிக்கு 8-ஆம் நம்பர் இரிடியம் போடுங்க, பிக்கப் எகிறும்" என்கிறார், என் மெக்கானிக்கோ 6-ஐ மாற்றவே வேண்டாம் என்கிறார். நம்பர் கூடினால் ஸ்பார்க் பலமாக வருமா? இரிடியத்துக்கு அவ்வளவு காசு கொடுக்கலாமா?

ஒற்றை_கேம்:
மெக்கானிக் சொல்வதுதான் சரி தம்பி. அந்த நம்பருக்கும் ஸ்பார்க்கின் பலத்துக்கும் சம்பந்தமே இல்லை, பிளக் தன் நுனியில் ஏறும் சூட்டை எவ்வளவு வேகமாக ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. என்ஜிகேயில் நம்பர் ஏற ஏற பிளக் கோல்டு, அதாவது சூட்டை வேகமாகக் கடத்திவிடும்; மெதுவாகக் கடத்தினால் ஹாட். டென்சோவிலும் அப்படித்தான், என்ஜிகே 6-க்கு டென்சோ 20, 7-க்கு 22. ஆனால் பாஷிலும் சாம்பியனிலும் நேர் எதிர், நம்பர் கூடினால் ஹாட், அதனால் பிராண்ட் மாற்றும்போது நம்பரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

நுனியில் சுமார் 500 டிகிரி செல்சியஸ் சூடு இருந்தால்தான் படிகிற கரி தானாக எரிந்து போகும். 850 பக்கம் போய்விட்டால் ஸ்பார்க் வருவதற்கு முன்பே அந்த நுனி பெட்ரோலைப் பற்றவைத்துவிடும், பிஸ்டன் ஓட்டையாவது அப்படித்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் நுனியை நிறுத்துகிற பிளக் எதுவோ அதுதான் உங்கள் வண்டிக்கான பிளக். 8-ஐப் போட்டுக்கொண்டு முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் சிக்னலுக்கு சிக்னல் ஊர்ந்தால் நுனி சூடே ஏறாது, கரி பிடித்து மிஸ் அடிக்க ஆரம்பிக்கும், காலையில் ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும். 75 முதல் 100 குதிரைத்திறன் கூடினால் ஒரு படி கோல்டு என்பது பொதுவான கணக்கு. ஹெடரும் ஃபில்டரும் லேசான ஸ்கிம்மும் அதற்குப் பக்கத்தில்கூட வராது. தினசரிக்கு 6, ட்ராக் டே அன்று மட்டும் வேண்டுமானால் ஒரு செட் 7 மாட்டிக்கொள்ளுங்கள், அதிலும் கேப் (பொறி பாயும் இடைவெளி) 1.1 மி.மீ. இருக்கட்டும்.

இரிடியம் கெட்ட செலவு என்று சொல்ல மாட்டேன். சாதா நிக்கல் பிளக்கின் நடு எலக்ட்ரோடு 2.5 மி.மீ. தடிமன், என்ஜிகேயின் இரிடியம் ஐஎக்ஸில் 0.6 மி.மீ. தான், அதனால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி பாயும். உங்களுடையது டிஸ்ட்ரிபியூட்டர் வண்டி, ஒரே காயிலின் மின்சாரத்தை அதுதான் நாலு பிளக்குக்கும் பிரித்து அனுப்புகிறது, காயிலும் பிளக் வயரும் வயதானவை என்றால் ஐடிலில் வித்தியாசம் தெரியலாம். பவர் ஏறாது. அந்தக் காசுக்கு முதலில் புது பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார் வாங்குங்கள்.

பூஸ்ட்_பிரியன்:
அண்ணன் சொன்னது டர்போ இல்லாத வண்டிக்கு, டர்போக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். என்னுடையது ஆக்டேவியா விஆர்எஸ் 230, ரீமேப் செய்தது (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றியது). பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், கூடினால் சிலிண்டருக்குள் காற்று நெருக்கமாகிவிடும், அந்த நெருக்கத்தில் பொறி பாய இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டும், காயிலால் அது முடியாதபோது ஃபுல் த்ராட்டிலில் வண்டி திக்கித் திக்கிப் போகும். அந்த இடத்தில் பிளக் நம்பரைவிட கேப்தான் முக்கியம். ட்யூனரிடம் கேட்டு 0.7 மி.மீ. வைத்தேன், திக்கல் நின்றது. இரிடியத்தில் கேப் மாற்றும்போது நடு நுனியில் எதையும் வைத்து அழுத்தக் கூடாது, ஒடிந்துவிடும். மேலே இருக்கும் எர்த் கொக்கியை மட்டும் மெதுவாக வளைக்க வேண்டும்.

அப்புறம், போலி இரிடியம் நிறையவே புழங்குகிறது. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள்.

கோவை_விடெக்:
ரொம்ப நன்றி. இன்று நாலையும் கழற்றிப் பார்த்தேன். 1, 2, 4 வெளிர் பழுப்பு. மூன்றாவது மட்டும் கறுப்பாக ஈரமாக இருக்கிறது, அந்தப் பிளக் குழிக்குள்ளும் எண்ணெய் நிற்கிறது. மூன்றுக்கு மட்டும் ஹாட் பிளக் போடலாமா?

ஒற்றை_கேம்:
வேண்டாம், அது நோயை மறைக்கிற வேலை. மற்ற மூன்றும் வெளிர் பழுப்பு என்றால் 6 உங்களுக்குப் பொருந்துகிறது, அந்தச் சந்தேகம் முடிந்தது. எர்த் கொக்கியையும் பாருங்கள், சூட்டில் நிறம் மாறிய கோடு வளைவை ஒட்டி இருந்தால் சரி, நுனியிலேயே நின்றுவிட்டால் பிளக் ரொம்ப கோல்டு, அடிப்பகுதி வரை இறங்கியிருந்தால் ரொம்ப ஹாட்.

மூன்றாவதில் இரண்டு பிரச்சினை இருக்கலாம். குழிக்குள் எண்ணெய் என்றால் வால்வ் கவரோடு வரும் பிளக் டியூப் சீல் போயிருக்கிறது, சின்னச் செலவு, கேஸ்கெட்டோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். ஆனால் அந்த எண்ணெய் பிளக் நுனியை நனைக்காது. நுனி ஈரமாக இருப்பது எண்ணெய்தானா, எரியாத பெட்ரோலா என்று முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் என்றால் குழி எண்ணெயில் ஊறிய வயர் பூட்டால் (வயர் முனையின் ரப்பர் உறை) ஸ்பார்க் கசிந்து அந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. எண்ணெய் என்றால் ஹெட்டைக் கழற்றியபோது வால்வ் சீல் மாற்றினார்களா என்று கேளுங்கள், மாற்றியிருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து பிஸ்டன் ரிங்கைப் பார்க்க வேண்டும்.

மாட்டும்போது இன்ஜின் ஆறியிருக்கட்டும், குழியை ஏர் அடித்துச் சுத்தம் செய்துவிட்டு, முதல் சில மரையை வயர் பூட்டையோ ரப்பர் குழாயையோ பிடித்துக் கையால் ஏற்றுங்கள். அலுமினிய ஹெட், மரை போனால் ஹெலிகாயில் (புது மரைக்கான கம்பிச்சுருள்) செலவு. டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை, அதாவது டார்க்கை, அளக்கும் ஸ்பேனர்) இல்லாவிட்டால், புது பிளக் கையால் இறுகி வாஷர் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று வரை போதும். மரையில் கிரீஸோ ஆன்டி-சீஸோ (மரை இறுகிப் பிடிக்காமலிருக்கத் தடவும் பசை) தடவாதீர்கள், அதே டார்க்கிலும் அதிகமாக இறுகிவிடும்.

சீல் மாற்றியதும் மூன்றாவது பிளக்கின் படத்தைப் போடுங்கள்.